கண்டக்டர் இல்லாத பஸ்

முதல் நாள், முதல் ஐந்து நிமிஷத்திலேயே நிதானம் ஒரு நாயையும் இரண்டு சைக்கிள்காரர்களையும் குடை பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணையும் இடித்துத் தள்ளினான். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியதில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்காதவன். இடித்தது அவனுக்குத் தெரியவும் இல்லை. ஒவ்வொரு தடவையும் சுவரில் மாட்டியிருந்த டி.வி. சிவப்பாகி, 'டொங்' என்று ஒரு சத்தம் வந்தது. அவன் கண்ணை மறைத்து மாட்டியிருந்த ஹெட்செட்டுக்குள்ளும் அதே சிவப்பு தெரிந்திருக்க வேண்டும். "என்னம்மா இது, கரண்ட் போய்ப் போய் வருது?" என்று கேட்டான்.

தெரபிஸ்ட் சிரிக்கவில்லை. கையில் இருந்த தாளில் நாலு பெருக்கல் குறி போட்டார். முப்பத்தைந்து வயசு இருக்கும் அவருக்கு. அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு ஆளுக்கும் மாட்டிக் கழற்றிய பிறகு ஹெட்செட்டை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. பஸ்ஸில் ஏறுகிற செக்கிங் இன்ஸ்பெக்டர்கள் இப்படித்தான் இருப்பார்கள், முகத்தில் ஒன்றும் தெரியாது. எனக்கு அவரைப் பார்த்ததும் டிக்கெட் கட்டைச் சரிபார்த்துக்கொள்ளத் தோன்றியது.

நிதானம் என்பது டிப்போவில் அவனுக்கு வைத்த பேர். வேகமாகப் போ என்று யார் கத்தினாலும், "முன்னாடி போய் என்ன பண்ணப் போறோம்?" என்பான். எனக்கு விசில் என்று பேர். நான் விசில் ஊதுவதில்லை. வலது பக்கத்து முன்பல் ஒன்று பாதி உடைந்திருப்பதால் பேச்சோடு காற்றும் சேர்ந்து வரும். "சில்லறை" என்று நான் கேட்டால் பாதி பஸ் திரும்பிப் பார்க்கும். அவன் டிரைவர், நான் கண்டக்டர். நாங்கள் சேர்ந்து ஓடாத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் வீட்டில் இருந்த நேரத்தைவிட அவனோடு இருந்த நேரம்தான் அதிகம் என்று என் மனைவி சொல்வாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவள் சொன்னது சரி.

நாலு மாதத்துக்கு முன் ஒரு காலையில் பல் தேய்க்கும்போது அவனுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலது பக்கம் அடைப்பு, அதனால் இடது கையும் காலும் விழுந்தன. கையும் காலும் மெல்ல மெல்லத் தேறிவிட்டன. தடியில்லாமல் நடந்தான், இடது கையால் டம்ளரைப் பிடித்தான். தேறாதது வேறொன்று. இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. கண்ணில் கோளாறு இல்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று டாக்டர் சொன்னார். முகத்தில் வலது பாதியை மட்டும் சவரம் செய்துவிட்டு, வேலை முடிந்தது என்று ரேசரைக் கழுவி வைப்பான். சட்டையில் வலது கையை மட்டும் நுழைத்துக்கொண்டு, மறுபாதி முதுகில் தொங்கத் தெருவுக்கு வந்துவிடுவான். சொன்னால் கோபம் வரும். இல்லாத ஒன்றைப் பற்றி எல்லோரும் சேர்ந்து கதை கட்டுகிறோம் என்று நினைத்தான்.

அதற்குத்தான் இந்த வி.ஆர். பயிற்சி. பயிற்சி அறையில் ஒரு நாற்காலி, முன்னால் மேஜையில் திருகிப் பொருத்திய ஒரு ஸ்டியரிங், கீழே இரண்டு பெடல். ஹெட்செட்டை மாட்டினால் தலை திரும்புகிற பக்கமெல்லாம் சாலை தெரியும், கட்டடம் தெரியும், ஆள் தெரியும். அவன் பார்ப்பதை நாங்கள் டி.வி.யில் பார்க்கலாம். வலதிலிருந்து பத்து, இடதிலிருந்து பத்து என்று இருபது தடவை ஏதாவது குறுக்கே வரும், பிரேக் போட வேண்டும். நிஜமாக யாரையும் கொல்லாமல் பழகிக்கொள்ளலாம் என்பதுதான் இதில் லாபம் என்றார் தெரபிஸ்ட். இவன் டிரைவர் என்று கேட்டு, பட்டியலில் தேடிப் பிடித்து ஒரு பஸ்ஸையே போட்டிருந்தார். நல்ல பஸ். இடது பக்கம் கதவு, கதவோரம் பிடித்துக்கொள்ளக் கம்பி, சீட்டுகள் எல்லாம் இருந்தன. பயணிகள்தான் இல்லை. "கண்டக்டரும் இல்லையேம்மா" என்றேன். "சாஃப்ட்வேர் பண்ணினவங்க மறந்துட்டாங்க போல" என்றார். அதற்கும் அவர் சிரிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் அவன் மெடிக்கல் போர்டின் முன்னால் போய் நிற்க வேண்டும். தெரபிஸ்ட் கொடுக்கும் ரிப்போர்ட் நன்றாக இருந்தால்தான் அவர்கள் அவனை ரோட்டில் ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். இல்லையென்றால் ரிட்டயர் ஆகும்வரை மூன்று வருஷம் டிப்போவில் லைட் டூட்டி. லைட் டூட்டி என்றால், பஸ்ஸில் விட்டுப்போன சாமான்களை அடுக்கி வைத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருப்பது. ஜன்னல் இல்லாத அறை. "தொலைஞ்சு போன குடைங்களுக்கு என்னைக் காவல் வைக்கப் பாக்குறாங்க" என்று அவன் சொன்னபோது வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்காத தன்னை அவனுக்கு அடையாளம் தெரியாது. எனக்கும் தெரியாது.

தெரபிஸ்ட் எனக்கும் ஒரு வேலை கொடுத்தார். "நீங்க எப்பவும் அவருக்கு இடது பக்கமா உட்காருங்க சார். இடது பக்கத்திலேர்ந்து பேசுங்க. அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்காருன்னு அவர் மூளைக்குத் தெரியணும்." எனக்கு இது பழகின இடம். அவன் இடது பக்கம்தான் என் வாழ்க்கையே ஓடியிருக்கிறது. படி இருப்பது இடது பக்கம், ஏறுவது இறங்குவது இடது பக்கம், முட்டாள்தனமாக ஓரத்தில் புகுந்து வருகிற சைக்கிளும் இடது பக்கம். நாங்கள் சேர்ந்த முதல் வருஷமே பஸ்ஸில் மணிக் கயிறு அறுந்துபோனது. டிப்போவில் சொன்னோம், எழுதிக் கொடுத்தோம், யாரும் கண்டுகொள்ளவில்லை. அன்றிலிருந்து என் மோதிரத்தால் கம்பியில் தட்டுவேன். ஒரு தட்டு நில். இரண்டு தட்டு போ. மூன்று தட்டு, ஓரமாக ஏதோ ஒட்டி வருகிறது, பார்த்துப் போ. புது பஸ் வந்தது, மணி வந்தது, நாங்கள் மாறவில்லை. "இடது பக்கத்தை உன் பேருக்கு எழுதி வெச்சுட்டேன்டா" என்பான்.

செவ்வாயும் வெள்ளியும் மூன்று மணிக்குப் பயிற்சி. காலை ஷிப்டை முடித்துவிட்டு நான் நேராக அங்கே போய்விடுவேன். அவன் மனைவி அவனை ஆட்டோவில் கூட்டி வருவாள். என்னை அண்ணே என்று கூப்பிடுகிறவள். டி.வி.யில் அவன் இடிக்கும் ஒவ்வொன்றுக்கும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள், ஆகவே வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார்கள். என் நாற்காலி அவனுக்கு இடது பக்கம், நடைபழகும் கம்பிகளை ஒட்டி. இடுப்பு உயரத்தில் நீளமாக இரண்டு எவர்சில்வர் கம்பிகள், கால் விழுந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நடுவில் நடப்பார்கள். அறையில் எப்போதும் இரைச்சல்தான். ஒரு மூலையில் உடற்பயிற்சி சைக்கிள் கிரீச்சிடும், இன்னொரு மூலையில் யாராவது ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

மெல்ல மெல்ல மார்க் ஏறியது. வலது பக்கம் முதலிலிருந்தே பத்துக்குப் பத்து. இடது பக்கம் முதல் நாள் ஒன்று, மூன்றாவது வாரம் நாலு, ஐந்தாவது வாரம் ஏழு, ஆறாவது வாரம் ஒன்பது. நான் என் மகள் மார்க்கைக்கூட இப்படி மனப்பாடம் செய்ததில்லை. குடைக்காரி அவன் பஸ்ஸில் அடிபடாமல் வீடு போய்ச் சேர ஆரம்பித்தாள். டிப்போவில் போய், "அடுத்த மாசம் வர்றான், சீட்டைத் துடைச்சு வைங்க" என்றேன். புதிதாக என்னோடு போட்டிருந்த டிரைவருக்கு முகம் தொங்கிப்போனது. தொங்கட்டும்.

வீட்டில்தான் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. அரைச் சவரம் அப்படியே இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை. யோசிக்க விருப்பமில்லை என்பதுதான் உண்மை.

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை எங்கள் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. பயணிகளை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டு, மெக்கானிக் வந்து, நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து. பயிற்சி முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். தெரபிஸ்ட் ஹெட்செட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேஜையில் தாள் கிடந்தது. இடது பக்கம் இரண்டு.

"உடம்பு சரியில்லையா அவருக்கு? சரியாத் தூங்கலையா?" என்று என்னைக் கேட்டார். வீட்டுக்குப் போன் போட்டேன். நன்றாகத்தான் தூங்கினார், நன்றாகத்தான் சாப்பிட்டார் என்றாள் அவன் மனைவி. சரி, யானைக்கும் அடி சறுக்கும் என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை நான் போனேன். அவன் வழக்கம்போல ஓட்டினான். ஒன்று, இரண்டு, மூன்று என்று இடது பக்கம் எல்லாவற்றுக்கும் பிரேக் விழுந்தது. தெரபிஸ்ட் டி.வி.யைப் பார்க்காமல் அவன் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தலை இடது பக்கம் திரும்பவே இல்லையே என்று முணுமுணுத்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போது கம்பியைப் பிடித்து நடந்துகொண்டிருந்த ஒரு தையல்காரர் நின்று, என் பக்கம் குனிந்தார். காலுக்குச் சிகிச்சைக்கு வருகிறவர், சாது. "சார், தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் தட்டாம இருக்கீங்களா? பிடிச்ச கையெல்லாம் கூசுது. வர்ற நாளெல்லாம் தட்டிக்கிட்டே இருக்கீங்க."

நான் என் கையைப் பார்த்தேன். வலது கை கம்பியின் மேல் இருந்தது. மோதிர விரல் கொஞ்சம் தூக்கியபடி, அடுத்த தட்டுக்குத் தயாராக இருந்தது. டி.வி.யில் இடது ஓரத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. நான் தட்டவில்லை. டி.வி. சிவப்பாகி 'டொங்' என்றது.

பஸ்ஸில் ஏறும்போதே டிக்கெட் எடுக்காதவன் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறவன் நான். அறுபது பேர் கூட்டத்தில் ஒருவன் ஜன்னலுக்கு வெளியே ஓவராக வேடிக்கை பார்த்தால் போதும், நேராக அவனிடம் போய் நிற்பேன். ஏழு வாரமாக நானே டிக்கெட் இல்லாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறேன், என் விரல் செய்வது எனக்குத் தெரியவில்லை. இன்ஜின் இரைச்சலிலும் சந்தைக் கூட்டத்தின் சத்தத்திலும் என் மோதிரத்தைப் பிரித்துக் கேட்ட காது அவனுடையது. இந்த அறை இரைச்சல் எந்த மூலைக்கு? அந்த ஒன்பது மார்க்கில் அவனுடையது ஒன்றோ இரண்டோ. மிச்சமெல்லாம் என்னுடையது.

அன்றைக்கு நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தெரபிஸ்ட் தாளில் எட்டு என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டதைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டின் வலது பாதியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்றான். அவன் மனைவி கரண்டியை எடுக்கவில்லை. தண்ணீர் வைக்கிற சாக்கில் குனிந்து, தட்டை அரைச் சுற்று திருப்பிவிட்டாள். தொடாமல் கிடந்த பாதி வலது பக்கம் வந்தது. அவன் புதிதாகப் போட்டது என்று நினைத்துச் சாப்பிட்டான். அவள் என்னைப் பார்த்து, சொல்லிவிடாதீர்கள் என்பதுபோலத் தலையசைத்தாள். அந்தக் கை எவ்வளவு லாகவமாகத் திருப்பியது என்று பார்த்தேன். என் விரலும் அப்படித்தான் தட்டியிருக்கும். இரண்டு பேரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தோம்.

அவன் கை கழுவிவிட்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தான். நான் கேட்டேன். "அங்க ஓட்டும்போது என் மோதிரம் உனக்குக் கேக்குதா?"

"கேக்காம?"

"தெரிஞ்சே இருந்தியா?"

"முதல்ல தெரியல. காலு தானா பிரேக்குக்குப் போச்சு. அப்புறம் தெரிஞ்சுது." கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல் சொன்னான். "அதுல என்ன தப்பு? இருபத்திரண்டு வருஷமா இப்படித்தானே ஓட்டுறோம். இடது பக்கம் உன்னுது, வலது பக்கம் என்னுது. பஸ் ஓட்டுறது ரெண்டு பேர் வேலைடா. பரீட்சை மட்டும் ஏன் ஒருத்தனுக்கு வைக்கிறாங்க?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. இந்த உலகத்தில் யாரும் கண்டக்டர் வேலையைப் பற்றி இவ்வளவு பெரிதாகச் சொன்னதில்லை. சந்தோஷமாகவே இருந்தது, அதை மறைக்க முடியாது. ஆமாம்டா, நான் இருக்கிறேன், போர்டிலும் வந்து உட்கார்ந்து தட்டுகிறேன், ரோட்டிலும் தட்டுகிறேன் என்று சொல்லிவிட வாய்வரை வந்தது.

"நான் கூட்டத்துக்குள்ள மாட்டிக்கிட்டா?" என்றேன். "சில்லறை கொடுத்துக்கிட்டு இருந்தா? பின்னாடி இருந்தா? அன்னிக்குத் தள்ளுவண்டிக்காரர் இடது முன் சக்கரத்துக்கிட்ட இடறி விழுந்தாரே, அப்ப நான் எங்க இருந்தேன்? பின் சீட்டுல. நான் தட்டல. நீயாப் பார்த்துத்தான் பிரேக் போட்ட. பஸ்ல இருந்த எல்லாரும் முன்னாடி வந்து விழுந்தாங்க. அந்த ஆள் எழுந்து நடந்து போனாரு. நான் கம்பியில போய் மோதி இந்தப் பல்லு போச்சு."

உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டினேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். நன்றாக, நிதானமாகப் பார்த்தான். "எந்தப் பல்லு?" என்றான்.

கிண்டல் செய்கிறானோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இந்தப் பல்லை வைத்து அவன் செய்யாத கிண்டலா? ஆனால் கண் என் முகத்தில் ஒரு பாதியிலேயே நின்றது. எதிரே உட்கார்ந்திருக்கிறவனுக்கு என் வலது பக்கம்தான் இடது பக்கம் என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நாலு மாதமாக அவன் என்னை அரை முகமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் அவன் கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை எடுத்து, என் உடைந்த பல்லின் மேல் வைத்தேன். விரல் அந்த மொட்டையில் கொஞ்ச நேரம் இருந்தது. அடுக்களை வாசலில் அவன் மனைவி தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

அவன் கையை எடுத்துக்கொண்டான். வேட்டியில் விரலைத் துடைத்தான். "நீ கிளம்பு" என்றான்.

"தெரபிஸ்ட்கிட்ட சொல்லப் போறேன்."

"சொல்லு. சொல்லிட்டு இங்க வராத."

செவ்வாய்க்கிழமை இரண்டரைக்கே போய்ச் சொன்னேன். என் தொழிலில் எத்தனையோ பேர் எனக்கு முன்னால் நின்று, சார் தெரியாமல் பண்ணிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் யாரையும் நம்பியதில்லை. தெரபிஸ்ட் என்னைக் கடைசிவரை பேசவிட்டார். பிறகு பைலைத் திறந்து, ஏழு வாரத் தாள்களையும் வரிசையாகப் போட்டு, இடது பக்க மார்க்குகளின் மேல் ஒவ்வொன்றாகக் கோடு கிழித்தார். ஒன்று மட்டும் மிஞ்சியது, நான் இல்லாத அந்தச் செவ்வாய்க்கிழமையின் இரண்டு.

"இடது பக்கம் உட்காரச் சொன்னது நான்தான். சத்தத்தைக் கவனிக்காம விட்டதும் நான்தான்" என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "சத்தம் கேட்டு நிக்கிறது ஒண்ணுமே இல்லைன்னு சொல்லமாட்டேன் சார். ஆனா அவர் கால் நிக்குது, தலை திரும்பல. யாராவது தட்டுற வரைக்கும் அவருக்கு இடது பக்கம் கிடையாது. தானாத் தேடிப் பார்க்கணும். அதைத்தான் நான் எழுதிக் கொடுக்கணும்." வெள்ளிக்கிழமை கடைசிப் பரிசோதனை. அதற்குமேல் போர்டு காத்திருக்காது. அன்றைக்கு என்ன வருகிறதோ அதைத்தான் எழுதுவேன் என்றார். மூன்று மணிக்கு அவன் வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

அந்த மூன்று நாளும் அவன் எனக்குப் போன் செய்யவில்லை. நான் டூட்டிக்குப் போனேன், டிக்கெட் கொடுத்தேன். கம்பியில் தட்டும்போதெல்லாம் அவன் வேலையை நான் பிடுங்கிவிட்டேன் என்ற நினைப்பு வந்தது. தட்டாமல் இருந்திருந்தால் அவன் முதலிலேயே தானாகப் பார்க்கப் பழகியிருப்பானோ என்ற நினைப்பு அதைவிட மோசமாக இருந்தது. புது டிரைவர் எதற்கு அண்ணே மணி இருக்கும்போது தட்டுகிறீர்கள் என்று கேட்டான். உன் வேலையைப் பார் என்றேன்.

வெள்ளிக்கிழமை போகவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே போனேன். வராந்தாவில் அவன் மனைவி மட்டும் உட்கார்ந்திருந்தாள். "ரெண்டு நாளா நான் தட்டைத் திருப்பலண்ணே" என்றாள், எடுத்த எடுப்பில். "பாதி அப்படியே கிடக்கு. இவ்வளவுதானான்னு கேக்குறாரு. நான் அடுப்படியில நின்னுக்கிட்டு வாயைக் கட்டிக்கிறேன். பசியோட எழுந்திரிக்கிறாரு." அவள் அழவில்லை. நீ சாப்பிட்டியா தங்கச்சி என்று கேட்டேன். அது எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது.

உள்ளே அவன் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். தெரபிஸ்ட் என்னை வெளியே இருக்கச் சொல்ல வாயெடுத்தார்.

"அவன் இருக்கட்டும்" என்றான்.

"அப்ப வலது பக்கம் உட்காருங்க" என்றார் தெரபிஸ்ட், என்னிடம். "கம்பி பக்கம் வேண்டாம்."

நான் வலது பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் அவனை அந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததே இல்லை. வலது காதோரம் ஒரு மச்சம் இருந்தது, எனக்குத் தெரியாத மச்சம். மோதிரத்தைக் கழற்றப் பார்த்தேன். கணுவைத் தாண்டி வரவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டேன். தெரபிஸ்ட் ஹெட்செட்டை மாட்டினார். சைக்கிளை நிறுத்தச் சொன்னார், எண்ணுகிறவர்களை எண்ண வேண்டாம் என்றார். அறை அடங்கியது. நடைபழகும் கம்பிகளுக்கு நடுவில் தையல்காரரும் அப்படியே நின்றார்.

பஸ் கிளம்பியது. வலதிலிருந்து ஒரு ஆள், நின்றான். வலதிலிருந்து ஒரு வண்டி, நின்றான். இடதிலிருந்து நாய் வந்தது. டொங். என் விரல் தொடைக்கு அடியில் துடித்தது. மறுபடியும் வலது, நின்றான். இடதிலிருந்து சைக்கிள் வந்தது. டொங். தெரபிஸ்டின் பேனா இரண்டு முறை அசைந்தது. அவன் உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டான். இப்போது அவனுக்கு அந்தச் சிவப்பு கரண்ட் போவதில்லை என்று தெரிந்திருந்தது. எதை இடித்தோம் என்றுதான் தெரியவில்லை. எனக்கு எழுந்துபோய் அந்த டி.வி.யின் வயரைப் பிடுங்கிவிட வேண்டும்போல் இருந்தது.

அடுத்தது ஒரு பஸ் ஸ்டாப். குறுக்கே ஒன்றும் வரவில்லை, சிக்னல் இல்லை. ஆனால் அவன் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. கால் பிரேக்கிலேயே இருந்தது. பத்து வினாடி இருக்கும். தெரபிஸ்ட் என் பக்கம் திரும்பி, ஏன் நிற்கிறார் என்று கண்ணால் கேட்டார். எனக்குத் தெரியும். ஸ்டாப்பில் நிறுத்தினால் இரண்டு தட்டு கேட்காமல் அவன் எடுக்கமாட்டான். எடுத்ததே இல்லை. வெயிலோ மழையோ, பின்னால் எத்தனை வண்டி ஹாரன் அடித்தாலும், நான் ஏறிவிட்டேன் என்று தெரியாமல் அவன் வண்டியை நகர்த்தியதில்லை.

நான் தட்டவில்லை. கை மரத்துப்போயிருந்தது.

அவன் காத்திருந்தான். பிறகு அவன் தலை லேசாக அசைந்தது. டி.வி.யில் கண்ணாடிக்கு வெளியே இருந்த சாலை கொஞ்சம் வலது பக்கமாக நகர்ந்தது. நின்றது. மறுபடியும் நகர்ந்தது. கழுத்து பழக்கமில்லாத பக்கத்துக்குத் துளித் துளியாகத் திரும்பியது. தெரபிஸ்டின் பேனா தாளுக்கு மேலேயே நின்றது. கண்ணாடியின் இடது ஓரம் வந்தது, வைப்பர் வந்தது, கதவின் விளிம்பு வந்தது. கடைசியில் கதவு முழுசாக டி.வி.யில் வந்தது. கதவோரக் கம்பி தெரிந்தது. அங்கே யாரும் இல்லை.

கதவுக்கு வெளியே, நடைபாதையிலிருந்து குடைக்காரி ஒரு காலைச் சாலையில் வைத்திருந்தாள். அவன் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அவள் பஸ்ஸின் முன்னால் மெதுவாக நடந்து, வலது பக்கம் போய், டி.வி.யை விட்டுப் போய்விட்டாள். அவள் போன பிறகும் அவன் தலை திரும்பவில்லை. அந்தக் காலிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.